ஏப்ரல் 14: உங்கள் ஊரில் குவாண்டம் நாள் நடத்துவது எப்படி

உலக குவாண்டம் நாளுக்கு ஏப்ரல் 14-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் ஓர் எண். ஒளியின் ஆற்றல் பொட்டலம் பொட்டலமாகத்தான் வரும்; ஒரு பொட்டலத்தின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் பிளாங்க் மாறிலி. அதை எலக்ட்ரான் வோல்ட் நொடி என்ற அலகில் எழுதினால் 4.1357 × 10⁻¹⁵ வரும். சுருக்கினால் 4.14, மாதத்தை முன்னால் எழுதுபவர்களுக்கு அது ஏப்ரல் 14. 2021-இல் அறிவித்தார்கள், 2022 முதல் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். யாரிடமும் அனுமதியோ கட்டணமோ தேவையில்லை. ஒரு கூடம், ஐந்து மேசை, பதினைந்து தன்னார்வலர் இருந்தால் போதும்.

இத்தகைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சொதப்புவது ஒரே இடத்தில்தான்: குத்துவிளக்கு, பொன்னாடை, ஒன்றரை மணி நேரச் சிறப்புரை, கடைசியில் அவசரமாக இரண்டு செய்முறை. இதைத் தலைகீழாக்குங்கள். வருகிறவர் அந்த 4.14-ஐத் தன் கையால் அளந்துவிட்டுப் போக வேண்டும். அளக்கக்கூடிய எண்தான் அது. ஒரு எல்இடியும் மல்டிமீட்டரும் போதும். மற்ற மேசைகளை அதைச் சுற்றி அமைத்தால் நிகழ்ச்சிக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும்.

நாளும் நேரமும்

தமிழ்நாட்டில் ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள், அரசு விடுமுறை. பள்ளிக்கூடத்தில் நடத்துவதானால் சாவியை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கழிப்பறைச் சாவியையும் சேர்த்து. காலையில் மக்கள் கோயிலிலும் வீட்டு விருந்திலும் இருப்பார்கள். மாலை 4 முதல் 8 வரை வைப்பதே நல்லது. ஆறரைக்குள் பொழுது சாய்ந்துவிடும்; ஒளிச் சோதனைகளுக்கு இருட்டு செலவில்லாமல் கிடைக்கும். விடுமுறையன்று முடியாது, மாணவர்கள் பள்ளியில் இருக்கும்போதே நடத்த வேண்டும் என்றால் பிப்ரவரி 28 பொருத்தமானது. 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட அந்த நாள்தான் தேசிய அறிவியல் நாள். ஒளி ஒரு மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது ஆற்றலைக் குறிப்பிட்ட அளவுப் பொட்டலமாகக் கொடுக்கிறது அல்லது வாங்குகிறது என்பதுதான் ராமன் விளைவு. அதுவும் குவாண்டம்தான், தலைப்பை மாற்ற வேண்டியதில்லை.

கூட்டக் கணக்கை முன்பே போடுங்கள். ஒரு மேசைக்கு 8 நிமிடம், 10 பேர் கொண்ட குழு. 8 நிமிடத்துக்கு ஒரு குழுவை உள்ளே விட்டால் மணிக்கு 75 பேர், நான்கு மணி நேரத்தில் 300 பேர். அதற்கு மேல் வந்தால் வாசலில் டோக்கன் கொடுத்து நேரம் சொல்லி அனுப்புங்கள். வரிசை கட்டாமல் விட்டால் எல்லோரும் லேசர் மேசையை மொய்ப்பார்கள், மற்ற நான்கும் ஈயாடும். மேசைக்கு இருவர்: ஒருவர் பேச, ஒருவர் கருவியைப் பார்த்துக்கொள்ள. ஒன்றரை மணிக்கொரு முறை மாற்றுங்கள். ஒரே விளக்கத்தை இருபதாவது தடவை சொல்பவர் தன்னையறியாமல் பாதியை விழுங்கிவிடுவார். மேசைகளுக்குப் பத்துப் பேர், வாசலுக்கும் மாற்றுக்கும் ஐந்து பேர்.

முதன்மை மேசை: எல்இடியில் பிளாங்க் மாறிலி

தேவையானவை: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு நிற 5 மி.மீ. எல்இடிகள் (நிறத்துக்கு ஐந்து, எரிந்துபோனால் மாற்ற), 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் மூன்று கால் கருவி), 330 ஓம் மின்தடை, நான்கு பென்டார்ச் செல் போடும் பெட்டி, மல்டிமீட்டர் இரண்டு, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் செருகி இணைக்கும் பலகை). சென்னையில் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் டிவி மெக்கானிக்குகள் உதிரிபாகம் வாங்கும் கடை. எல்இடி வாங்கும்போது அலைநீளத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் சிவப்புக்கு 630, மஞ்சளுக்கு 590, நீலத்துக்கு 470 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. பச்சைதான் தொல்லை. இலைப்பச்சை போல மஞ்சள் கலந்து தெரியும் பழைய வகை 565 அருகில் இருக்கும். பளிச்சென்ற புதிய வகை 525 அருகில். இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு ஒத்துவராது. வெள்ளை எல்இடியைத் தொடவே வேண்டாம். அது நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு தடவியது. ஒற்றை அலைநீளம் அதற்குக் கிடையாது.

இணைப்பு: பொட்டென்ஷியோமீட்டரின் இரு ஓரக் கால்களை செல் பெட்டிக்குக் கொடுங்கள். நடுக்காலிலிருந்து 330 ஓம், அதிலிருந்து எல்இடியின் நீளக்கால், குட்டைக்காலிலிருந்து செல்லின் எதிர்முனை. மல்டிமீட்டரை எல்இடியின் இரு கால்களுக்கு மட்டும் குறுக்கே வையுங்கள். இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, மூன்று காலில் இரண்டை மட்டும் பயன்படுத்துவது. அப்போது எல்இடியை முழுவதும் அணைக்க முடியாது, தொடக்கப் புள்ளியே கிடைக்காது. மற்றது, மின்தடையையும் சேர்த்து அளப்பது. எண் கூடுதலாக வரும்.

அளப்பது எளிது. எல்இடியின் தலையில் கறுப்புத் தாளை 5 செ.மீ. குழாயாகச் சுருட்டி மாட்டுங்கள். பார்வையாளர் ஒரு கண்ணை அதில் வைத்துத் திருகை மெல்லத் திருப்பட்டும். ஒளி முதன்முதலில் துளிர்க்கும் கணத்தில் "இப்போ" என்று சொல்ல, இன்னொருவர் மீட்டரைப் படிக்கட்டும். சிவப்புக்கு ஏறத்தாழ 1.7 வோல்ட், நீலத்துக்கு 2.5 வோல்ட் வரும்.

கணக்கைப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள்: வோல்ட்டை அலைநீளத்தால் (நானோமீட்டர்) பெருக்கி 300-ஆல் வகுக்கவும். 1.7 × 630 ÷ 300 = 3.57. நீலம்: 2.5 × 470 ÷ 300 = 3.92. கிடைப்பது 10⁻¹⁵ எலக்ட்ரான் வோல்ட் நொடியில் பிளாங்க் மாறிலி. 300 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்: ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், அலகுகளை மாற்றியபின் மிஞ்சுவது அது.

ஏன் 4.14 வராமல் குறைகிறது? இதைத் தன்னார்வலர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எலக்ட்ரான் ஒரு படியிலிருந்து கீழே இறங்கும்போது ஒளிப் பொட்டலம் ஒன்றை வெளியிடுகிறது. அந்தப் படியின் உயரம் நாம் அளக்கும் வோல்ட்டுக்குச் சமம் என்பது நம் கணக்கு. அறையின் வெப்பத்தால் சில எலக்ட்ரான்களிடம் ஏற்கெனவே கொஞ்சம் ஆற்றல் இருக்கும். அவை குறைந்த வோல்ட்டிலேயே ஏறிவிடும். கண்ணும் மிகக் கூர்மையானது, அந்தச் சிலவற்றின் ஒளியையே பிடித்துவிடும். குழாய் இல்லாமல் வெளிச்சத்தில் அளந்தால் 1.85 வோல்ட் வரை போகும், விடை 3.89 ஆகி 4.14-க்கு நெருங்கும். அது தவறான காரணத்துக்காகக் கிடைத்த நல்ல விடை. அதை மறைக்காமல் சொல்லுங்கள். கூட்டத்தில் இருக்கும் இயற்பியல் ஆசிரியருக்கு இந்த இடம்தான் பிடிக்கும்.

சுவரில் ஒரு பெரிய வரைபடத் தாள் ஒட்டி, 3 முதல் 5 வரை அளவு குறித்து, ஒவ்வொருவரும் தம் விடைக்கு நேரே ஸ்டிக்கர் பொட்டு வைக்கச் சொல்லுங்கள், எல்இடியின் நிறத்திலேயே. எட்டு மணிக்குள் நிறத்துக்கு ஒரு குவியல் எழுந்திருக்கும்.

ஒளிரும் தாள்: இருட்டுக்குள் எழுதுவது

செலவு மிகக் குறைவு, குவாண்டம் கருத்தோ மிகத் தெளிவு. இருட்டில் பச்சையாக ஒளிரும் ஸ்டிக்கர் தாளை ஓர் அட்டையில் ஒட்டிக் கறுப்புத் துணிப்பையில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். இருட்டில் எடுத்து, தன்னார்வலர் சிவப்பு லேசரால் ஒரு எழுத்து எழுதட்டும். எவ்வளவு நேரம் அழுத்தி எழுதினாலும் ஒன்றும் பதியாது. பிறகு கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை ஒரு நொடி காட்டுங்கள், பளிச்சென்று எரியும். சிவப்பு ஒளிப் பொட்டலம் ஒன்றில் 1.9 எலக்ட்ரான் வோல்ட், 395 நானோமீட்டர் ஊதாவில் 3.1. தாளுக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல் ஒரே பொட்டலத்தில் வந்தாக வேண்டும். சில்லறையாகச் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாது. ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவை 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கியதும் இதே தர்க்கத்தால்தான்.

கெடுவது எப்படி: வெள்ளை டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் நீலம் கொஞ்சம் கசிந்துவிடும், தாள் ஒளிரும், விளக்கம் கவிழும். சிவப்பு எல்இடியோ சிவப்பு லேசரோதான் வேண்டும். ஒரு குழுவுக்காக ஒளிர்ந்த தாள் அணைய நேரமாகும். நான்கு அட்டைகளைச் சுழற்சியில் வையுங்கள். செல்பேசி ஃபிளாஷ் பட்டாலும் தாள் முழுக்க ஒளிர்ந்துவிடும். வாசலிலேயே செல்பேசியைச் சட்டைப்பையில் போடச் சொல்வது நல்லது, யாரும் கேட்க மாட்டார்கள் என்றாலும்.

பக்கத்திலேயே ஒரு கண்ணாடி டம்ளரில் முருங்கைக்கீரைச் சாறு வைக்கலாம். ஒரு கைப்பிடி கீரையைக் கசக்கி, 50 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். பகலில் பச்சை, ஊதா டார்ச்சில் இரத்தச் சிவப்பு. பெரிய பொட்டலத்தை வாங்கிச் சிறிய பொட்டலமாகத் திருப்பிக் கொடுக்கிறது பச்சையம். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும். மேசையருகே குத்துவிளக்கு வேண்டாம், சாறு குடிக்கும் பொருள் போலவும் தெரியக்கூடாது.

தலைமுடியும் லேசரும்

பார்வையாளர் தன் தலைமுடியைத் தானே கொடுக்கும் மேசை. கூட்டம் இங்கேதான் சேரும். அட்டையில் 2 செ.மீ. சன்னல் வெட்டி, முடியை நிமிர்த்தி இரு முனையிலும் டேப் ஒட்டுங்கள். எண்ணெய் தடவிய முடியை முதலில் டிஷ்யூ தாளால் துடையுங்கள், இல்லையேல் ஒளி பரவி மங்கும். ஸ்டாண்டில் பூட்டிய சிவப்பு லேசர் (650 நானோமீட்டர்) முடியில் பட்டு 3 மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் விழட்டும். ஒளியும் இருட்டும் மாறிமாறிக் கோடாக விரியும். நடுவிலிருந்து இடப்பக்க ஐந்தாவது இருள் முதல் வலப்பக்க ஐந்தாவது இருள் வரை அளந்து 10-ஆல் வகுங்கள். 2.8 செ.மீ. வந்தால் முடியின் தடிமன் 70 மைக்ரான் (0.07 மி.மீ.). நடு வெளிச்சம் மட்டும் இரட்டை அகலம். ஒரே ஒரு கோட்டை அளப்பவர் ஏமாறும் இடம் அது. மேலே மின்விசிறி ஓடினால் கோடுகள் ஆடும். அந்த வரிசை விசிறியை நிறுத்துங்கள்.

இங்கே ஒரு நேர்மை தேவை. இது ஒளியின் அலைப்பண்பைத்தான் காட்டுகிறது. குவாண்டம் தெரியாத காலத்திலேயே விளக்கப்பட்டது. குவாண்டம் எங்கே நுழைகிறது என்றால், ஒளியை ஒரு நேரத்தில் ஒரு பொட்டலமாகக் குறைத்தாலும் போகப்போக இதே கோடுகள்தான் சேர்கின்றன என்பதில். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி இப்படிக் கோடுகள் உருவாவதை டோனோமுரா குழுவினர் ஜப்பானில் 1989-இல் படமாக்கிக் காட்டினார்கள். "இதோ குவாண்டம்" என்று லேசரைக் காட்டிச் சொல்லிவிட்டால், விவரம் தெரிந்தவர் முன் நிகழ்ச்சியே சிறுத்துப்போகும்.

லேசர் பாதுகாப்பில் சலுகை கிடையாது. 1 மில்லிவாட்டுக்குக் கீழான சிவப்பு மட்டும். பச்சை லேசர் வேண்டாம்: மலிவானவை சொல்லும் அளவைவிட அதிகம் உமிழ்வதுண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும். கருவியைக் கையில் கொடுக்காமல் ஸ்டாண்டில் பூட்டுங்கள். மேசை உயரம் சிறு குழந்தையின் கண் உயரம் என்பதை மறக்க வேண்டாம். கதிர் போகும் பாதை முழுவதற்கும் கயிறு கட்டுங்கள். எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி போட்ட படம் எதுவும் அருகில் கூடாது. ஒளிரும் தாளில் எழுதும் லேசரைத் தன்னார்வலர் மட்டும், தாளை நோக்கிக் குனிந்த நிலையில் பிடிக்க வேண்டும். பட்டன் செல்கள் சீக்கிரம் தீரும். இரண்டு செட் உபரி வையுங்கள். கிருமிநீக்கும் புறஊதா விளக்கைக் கொண்டுவர யாராவது முன்வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

மூன்று போலராய்டு

போலராய்டு தாள் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். இரண்டு தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்கே வைத்தால் இருட்டு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதை 45 பாகையில் செருகினால் வெளிச்சம் திரும்பி வரும். தடை ஒன்றைக் கூட்டினால் ஒளி கூடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தும் நம்பாமல் மறுபடி செருகிப் பார்ப்பார்கள். முதல் தாளைத் தாண்டியதில் நான்கில் ஒரு பங்கு வெளிவரும், தாள்கள் பழுதில்லாதவை என்றால். ஒவ்வொரு பொட்டலமும் தாளில் ஒரு கேள்வியைச் சந்திக்கிறது: போ, அல்லது நில். போனது புதிய திசையில் போகிறது, பழைய திசையின் நினைவு அழிந்துவிடுகிறது. அளப்பதே நிலையை மாற்றுவது என்பது இதுதான். அடுத்த மேசைக்கு இந்த ஒரு வரி அவசியம்.

பழைய கால்குலேட்டர், உடைந்த எல்சிடி திரையிலிருந்து தாளை உரிக்கலாம். பசையை ஸ்பிரிட்டில் துடையுங்கள். தியேட்டரில் கொடுக்கும் முப்பரிமாணக் கண்ணாடி பெரும்பாலும் உதவாது, அது வட்டத் தளவிளைவு வகை. இரண்டை அடுக்கி 90 பாகை திருப்பி இருட்டு வரவில்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள். தாளைச் சட்டத்தில் செலோடேப்பால் ஒட்டும்போது ஓரத்தோடு நிறுத்துங்கள். டேப் ஒளியின் தளத்தைத் திருப்பிவிடும். குறுக்கே போனால் இருட்டு வராமல் வண்ணத் திட்டுகள் தெரியும். அழகாக இருக்கும், ஆனால் சோதனை குழம்பும்.

ஒட்டுக்கேட்பவரைப் பிடிக்கும் சீட்டு விளையாட்டு

பென்னட், பிரசார்ட் இருவரும் 1984-இல் முன்வைத்த மறைகுறி முறையின் சீட்டு வடிவம். மறைகுறி என்பது அனுப்புநரும் பெறுநரும் மட்டும் அறிந்த 0, 1 வரிசை. இதற்கு 15 நிமிடம் ஆகும். 8 நிமிடச் சுழற்சிக்குள் அடைக்காமல் தனி மூலையில் வையுங்கள்.

அனுப்புநர் ஒவ்வொரு சீட்டுக்கும் இருமுறை நாணயம் சுண்டுவார். முதல் சுண்டல் 0 அல்லது 1. இரண்டாவது, நேர்க்கோட்டு முறையா சாய்கோட்டு முறையா. நேரில் | என்றால் 0, — என்றால் 1. சாய்வில் / என்றால் 0, \ என்றால் 1. சீட்டை உறையிலிட்டு நடுவரிடம் கொடுப்பார். பெறுநர் நாணயம் சுண்டித் தன் முறையைச் சொல்வார். முறை ஒத்துப்போனால் நடுவர் உள்ளதைப் படிப்பார். ஒத்துப்போகாவிட்டால் நடுவரே நாணயம் சுண்டி அந்த விடையைச் சொல்வார். இயற்கையின் வேடத்தில் நடுவர். அவர் இல்லாமல் ஆடினால் பெறுநர் சீட்டை எட்டிப் பார்த்துவிடுவார், விளையாட்டு அங்கேயே செத்தது.

20 சீட்டு முடிந்ததும் இருவரும் முறைகளை மட்டும் உரக்க ஒப்பிட்டு, ஒவ்வாதவற்றைக் கழிப்பார்கள். சுமார் 10 மிஞ்சும். அவை அப்படியே ஒத்துப்போகும். இரண்டாம் ஆட்டத்தில் நடுவே ஓர் ஒட்டுக்கேட்பவர். அவரும் முறை சொல்லி விடை பெற்று, அந்த விடையைத் தன் முறையில் புதிய சீட்டாக எழுதி அனுப்பியாக வேண்டும். பழைய சீட்டைக் கிழித்துவிடுங்கள். இப்போது ஒப்பிட்டால் நான்கில் ஒன்று பிழையாக இருக்கும். 10-ஐ ஒப்பிட்டு ஒன்றில்கூடப் பிழை வராமல் ஒட்டுக்கேட்பவர் தப்பிக்க வாய்ப்பு 5.6 சதவீதம், அதாவது பதினெட்டில் ஒன்று. சில ஆட்டங்களில் தப்பிப்பார். அதைத் தோல்வியாகக் காட்டாமல் 20-ஐ ஒப்பிட்டால் 0.3 சதவீதமாகக் குறைவதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒப்பிடுவதற்கு வாய்விட்டுச் சொன்ன எண்களை மறைகுறியாகப் பயன்படுத்தக் கூடாது, எல்லோர் காதிலும் விழுந்துவிட்டதே. இந்த இடத்தைத் தன்னார்வலர்களே மறப்பார்கள். மத்திய அரசின் தேசிய குவாண்டம் திட்டத்தில் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது என்பதையும் இந்த மேசையில் சொல்லலாம்.

திரவ நைட்ரஜன் கேட்பார்கள்

காந்தம் மிதக்கும் காட்சியை எல்லோரும் விரும்புவார்கள். கல்லூரி இயற்பியல் துறையின் பொறுப்பாளர் கூடவே இருந்தால் மட்டும் செய்யுங்கள். இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு வில்லை 92 கெல்வின் அருகே மீகடத்தியாகும், அதாவது மின்தடையே இல்லாமல் போகும்; அதன் மேல்தான் காந்தம் மிதக்கிறது. திரவ நைட்ரஜன் 77 கெல்வின். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும், மூடிய அறையில் மூச்சுமுட்டும். சன்னல் மூடிய ஏசி காரில் கொண்டுவருவதும் அதே ஆபத்து. இறுக மூடிய பாத்திரம் வெடிக்கும். காட்சி முடிந்ததும் வில்லையில் பனி படிந்திருக்கும். துடைத்து, வெதுவெதுப்பாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அடைத்து வைக்காவிட்டால் ஈரம் அதைத் தின்றுவிடும்.

கேள்விகள்

முந்தின நாள் ஒத்திகையில் தன்னார்வலர்களுக்குக் கருவியைவிடக் கேள்விகளுக்கே அதிக நேரம் கொடுங்கள். "டெலிபோர்ட் செய்து ஆளை அனுப்பலாமா?" முடியாது. நகர்வது ஒரு துகளின் நிலை பற்றிய தகவல், அதற்கும் சாதாரண வழியில் ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும்; ஒளியைவிட வேகமாக எதுவும் போகவில்லை. "குவாண்டம் கணினி வங்கிக் கடவுச்சொல்லை உடைத்துவிடுமா?" போதிய அளவு பெரிய, பிழை திருத்தும் கணினி வந்தால் இன்றைய சில மறைகுறி முறைகள் உடையும், எல்லாம் அல்ல, அதற்கான மாற்று முறைகள் இப்போதே நடைமுறைக்கு வருகின்றன. "ஷ்ரோடிங்கரின் பெட்டிக்குள் அடைத்த பூனை உண்மையிலேயே செத்தும் பிழைத்தும் இருந்ததா?" அப்படிச் சொல்வது எவ்வளவு விநோதம் என்று காட்டத்தான் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1935-இல் அந்த உதாரணத்தையே சொன்னார்.

"குவாண்டம் தண்ணீர்", "குவாண்டம் பதக்கம்" விற்பவர்கள் ஸ்டால் கேட்டு, கூடவே விளம்பரப் பணமும் தருவார்கள். வாங்காதீர்கள். அந்தப் பதாகை ஒன்று வாசலில் தொங்கினால், உள்ளே அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

முடிந்தபின் முதலில் லேசர்களை எண்ணுங்கள், ஒன்று குறைந்தால் யார் பையில் என்று அன்றே தேட வேண்டும். ஊதா டார்ச்சிலிருந்து செல்லைக் கழற்றுங்கள். போலராய்டு தாள்களை இடையில் வெள்ளைத்தாள் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். சுவரிலிருந்த பொட்டுத் தாளைக் கிழியாமல் கழற்றிப் பள்ளியிடமே கொடுத்துவிடுங்கள், நிறத்துக்கு நிறம் சராசரி எடுக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பு பார்த்துக்கொள்ளும்.